மார்கரெட் வரவில்லை

ஸ்ட்ராஸ்பூர்க், பிரான்ஸ்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மார்கரெட் அக்காவுக்கு,

லில்லி எழுதுகிறேன். கவரைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருப்பாயோ என்னவோ. போட்டிருந்தால் இதை நீ படிக்கப் போவதில்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

போனிலேயே பேசலாம்தான். போனில் பேசித்தானே இந்த நிலைமை. நீ ஒன்று சொல்ல நான் இரண்டு சொல்ல, "இனிமே என் போனுக்கு வராதடி" என்று நீ வைத்ததுதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் நாம் பேசின கடைசிப் பேச்சு. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உன்னையும் என்னையும் போன்ற ஆட்களுக்கு இதுதான் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 24 வரைக்கும் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும். பெரிய கோயிலைச் சுற்றி மரக்கடைகள், விளக்குத் தோரணம், கும்பல். நம்ம வில்லியனூர் மாதா கோயில் திருவிழாக் கடைகளை அப்படியே தூக்கிக் குளிரில் வைத்த மாதிரி இருக்கும். இங்கே இருக்கும் புதுச்சேரிக்காரர்கள் சங்கத்துக்கு இந்த வருஷம் அதில் ஒரு கடை கிடைத்திருக்கிறது. டிசம்பர் 20, 21, 22 மூன்று நாள். அதிரசம், முறுக்கை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கல்கல் பலகாரம் என் தலையில் விழுந்தது. எனக்கு உருட்ட வரும், பக்குவம் வராது. போன வருஷம் நான் செய்ததைக் கடித்துவிட்டு ஒரு கிழவர் பல் டாக்டரிடம் போனார்.

நீ வா அக்கா. மூன்று வாரம் இரு. டிக்கெட் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெயசீலன் போய் ஆறு மாதம் ஆகிறது. அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸ். இதைக் காரணமாக எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதியாகிவிட்டது, அடிக்கவில்லை.

லில்லி


பண்டசோழநல்லூர்
3 செப்டம்பர் 2024

லில்லிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

ஆனால் அது கிடைத்த லட்சணத்தைக் கேள். தபால்காரர் தணிகைவேல் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "மார்கரெட்டுன்னு யாருபா இந்தத் தெருவுல? வெளிநாட்டுத் தபாலு!" என்று கத்தினார். நாலு வூட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி என் வூட்டைக் கை காட்டினாள். நான் போய் வாங்கினேன். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், "தங்கச்சி எனக்கு வெச்ச செல்லப் பேரு" என்றேன்.

இனி கவர் மேல் மஞ்சுளா என்று எழுது. கலைவேந்தன் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி லிஸ்டில் வந்துவிட்டான். நவம்பர் 27 சான்றிதழ் சரிபார்ப்பு. அவன் சாதிச் சான்றிதழ் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. அம்மா கிறிஸ்தவள் என்று ஒருத்தர் மனு போட்டால் போதும், சான்றிதழும் போய்விடும், வேலையும் போய்விடும். பையனுக்கு வயது இருபத்தேழு. நாம் கோயிலுக்குப் போகிறோம், பூசை பார்க்கிறோம். பேப்பரில் வேறே. இந்தத் தெருவில் பாதி வூடு அப்படித்தான், உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீ என்னைக் கூப்பிடுகிறாயா, கல்கல் உருட்ட என் கையைக் கூப்பிடுகிறாயா என்று முதலில் கோபம் வந்தது. கடைசி நாலு வரியைப் படித்த பிறகு போய்விட்டது. உன் வூட்டுக்காரர் இறந்தபோது நான் பேசவில்லை. நாலு தடவை நம்பரை எடுத்தேன், நாலு தடவையும் வைத்துவிட்டேன். அது என் தப்புதான்.

வருகிறேன். திருவாண்டார்கோயில் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் முழுக்க என் பொறுப்பு, மூன்று வாரம் லீவு கேட்டதற்கு மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கொடுத்தார். உன் மாமா தானே சமைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அதை நம்பவில்லை, ஆனாலும் வருகிறேன்.

பாஸ்போர்ட் அம்மா இருந்தபோதே எடுத்தது. நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பேர் உனக்குத் தெரியாததா.

அக்கா


ஸ்ட்ராஸ்பூர்க்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள மார்கரெட் அக்காவுக்கு,

நீ வருகிறேன் என்று எழுதியதை மூன்று முறை படித்தேன். பிறகு வேலைக்கு லேட். முதியோர் இல்லத்தில் என் வார்டில் இருக்கும் பாட்டி ஒருத்தி, இன்றைக்கு உன் முகத்தில் என்ன என்று கேட்டாள். என் அக்கா வருகிறாள் என்றேன். அவளுக்கு நினைவு நிற்காது, அதனால் நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் சொன்னேன்.

இதோடு ஒரு பேப்பர் வைத்திருக்கிறேன். இன்னார் என் வீட்டில் தங்கப் போகிறார், நான் பொறுப்பு என்று நகராட்சி கொடுத்தது. விசாவுக்கு இதன் அசல் வேண்டும், காப்பி செல்லாது. பத்திரம்.

கேட்டுக்கொள். முழுக்கை ஸ்வெட்டர் இரண்டு. காலுறை ஆறு ஜோடி. செருப்போடு வந்து இறங்காதே, விரல் கழன்று விழும். புடவைக்கு உள்ளே போட நான் இங்கேயே ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அம்மாவின் கல்கல் சீப்பு உன்னிடம்தானே இருக்கிறது? தலை வாராத சீப்பு, மாவு மட்டும் உருட்டுகிறது. அதை எடுத்து வா. சந்தையில் ஒயினைப் பட்டை கிராம்பு போட்டுக் கொதிக்க வைத்து விற்பார்கள். ஒரு டம்ளர் நீ குடித்தே ஆக வேண்டும். மாமாவிடம் நான் சொல்ல மாட்டேன்.

கவர் விஷயம். நீ சொன்னபடி எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. அதனால் மாமா பேரைப் போட்டு 'நடேசன் வீடு' என்று எழுதியிருக்கிறேன். அதில் கத்துவதற்கு ஒன்றுமில்லை. ஏன் கை வரவில்லை என்று நீயும் கேட்க வேண்டாம். அம்மா செத்த அன்றைக்கு விமானம் கிடையாது, கொரோனா. போனில்தான் பார்த்தேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். காசம்மாள் என்று மட்டும் பேர், மூலையில் ஒரு குத்துவிளக்கு. சிலுவை இல்லை. கேத்தரின் என்கிற ஞானஸ்நானப் பேர் இல்லை. இருபத்தைந்து வருஷம் கோயில் பெருக்கினவள் அவள். அன்றைக்கு உன்னிடம் கத்தினதெல்லாம் அதற்காகத்தான். இப்போது கத்தவில்லை, சொல்கிறேன்.

லில்லி


பண்டசோழநல்லூர்
15 அக்டோபர் 2024

லில்லிக்கு,

நேற்று விசா ஆபீசுக்குப் போனேன். கலைவேந்தன் லீவு போட்டு வண்டியில் அழைத்துப் போனான். பைல் எல்லாம் வரிசையாக வைத்து, மேலே நீ அனுப்பிய பேப்பர்.

கவுன்ட்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. பேப்பரையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மார்கரெட் யாரும்மா?"

"நான்தாம்மா."

"அப்ப மஞ்சுளா?"

"அதுவும் நான்தான்."

எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். காது சூடாகிவிட்டது. அவள் குரலைத் தாழ்த்தி, "ரெண்டும் ஒரே ஆளுன்னு அபிடவிட் போட்டு எடுத்துட்டு வாங்க, இல்லன்னா பாஸ்போர்ட் பேருக்கே அங்கிருந்து புதுசா பேப்பர் வாங்கி அனுப்பச் சொல்லுங்க" என்றாள். பைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது கலைவேந்தன் வில்லியனூர் தாண்டி டீக்கடையில் நிறுத்தினான். "சித்திக்கு உன் பேரு தெரியாதாம்மா?" என்று கேட்டான். தெரியும்டா என்றேன்.

புதுப் பேப்பர் வாங்கி அனுப்பு. நாள் இருக்கிறது.

அக்கா


ஸ்ட்ராஸ்பூர்க்
26 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

பழக்கத்தில் எழுதிவிட்டேன் என்று பொய் சொல்லலாம். சொல்ல மாட்டேன். தெரிந்தேதான் எழுதினேன். பாஸ்போர்ட் நம்பர் சரியாக இருந்தால் போதும், பேரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் முட்டாள்தனம்.

ஆனால் வழி இருக்கிறதே. கோயில் சாமியாரிடம் போய் ஞானஸ்நானச் சான்று வாங்கு. இரண்டு பேரும் உனக்குத்தான் என்று அதில் அவரை இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல். வக்கீலிடம் அதை வைத்து அபிடவிட். ஒரு நாள் வேலை. நகராட்சியில் மறுபடி விண்ணப்பித்தால் மூன்று வாரம் இழுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேனரைப் பார்த்த அன்றைக்கு உன் பேப்பர் பேரை என் கையால் எழுத மாட்டேன் என்று சொன்னேன். போனில் உன்னிடம் இல்லை, போனை வைத்த பிறகு, மாதா படத்துக்கு முன்னால். ஜெயசீலன்கூட, "விடு லில்லி, அவங்கவங்க கஷ்டம் அவங்கவங்களுக்கு" என்றார். நான் விடவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ யாரென்று ஒரு பேப்பரில் உள்ளபடி சொன்னால் என்ன அக்கா?

லில்லி


பண்டசோழநல்லூர்
7 நவம்பர் 2024

லில்லிக்கு,

சாமியார் எழுதித் தருவார். நல்ல மனிதர். நான் கேட்க மாட்டேன். அந்த அபிடவிட் என் பேரில் ஒரு வக்கீல் ஆபீசில் கிடக்கும், ஜெராக்ஸ் கடையில் கிடக்கும். நவம்பர் 27 வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

நான் யாரென்று ஒரு பேப்பரில் உள்ளபடி சொல்லச் சொல்கிறாய். நீ சொன்னாயா? பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் படிக்க அரசு மாணவியர் விடுதியில் இரண்டு வருஷம் சாப்பிட்டாயே, அந்த ரிஜிஸ்டரில் நீ யார்? உஷாராணி. அந்தப் பேர் உனக்குச் சோறு போட்டது, படிப்புக் கொடுத்தது. பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரைக் கல்யாணம் கட்டி விமானம் ஏறின பிறகு பேப்பரெல்லாம் லில்லி ஆகிவிட்டது. சந்தோஷம். எனக்கு விமானம் வரவில்லை, நான் இங்கேயே இருந்தேன். ஏறினவள் ஏறாதவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

பேனரைப் பற்றியும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், பிறகு பேச வேண்டாம். அம்மா செத்த வாரம் கலைவேந்தன் சான்றிதழுக்குப் புதிதாக மனு கொடுத்திருந்தோம். கிராம நிர்வாக அதிகாரி எந்த நாளும் விசாரணைக்கு வரலாம். பாகூரில் பேனர் அடிக்கிற கடையில் அந்தப் பையன், "அக்கா, சிலுவை போடணுமா, விளக்கு போடணுமா?" என்று கேட்டான். கம்ப்யூட்டரில் இரண்டும் தயாராக இருந்தது. நான் வெளியே போய் ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே வந்து, விளக்கு போடு என்றேன்.

அவளைப் புதைத்தது கல்லறைத் தோட்டத்தில்தான். சாமியார் வந்தார், மந்திரித்தார். குழிமேட்டில் சிலுவையை நட்டது நான். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை, அதனால் உனக்கு வரவில்லை.

நான் வரவில்லை. நீயும் உன் வேண்டுதலும் நன்றாக இருங்கள்.

சீப்பைத் துணியில் சுற்றித் தனியாகத் தபாலில் போட்டிருக்கிறேன். பக்குவம் இதுதான். ஒரு கிலோ மைதாவுக்கு முட்டை நாலு, சர்க்கரை கால் கிலோ, உப்பு ஒரு சிட்டிகை. தேங்காயின் முதல் பால் மட்டும், தண்ணீர் ஒரு சொட்டு கூடாது. நீ தண்ணீர் ஊற்றியிருப்பாய், அதனால்தான் கிழவருக்குப் பல் போனது. நெய்யைச் சுடவைத்து ஊற்று. பிசைந்து ஈரத்துணி போட்டு இரண்டு மணி நேரம் விட்டுவிடு. அடுப்பை நடுவில் வை, அவசரப்படாதே.

அக்கா


ஸ்ட்ராஸ்பூர்க்
19 நவம்பர் 2024

அன்புள்ள மஞ்சுளா அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனி ஞாயிறு ஆபீஸ் கிடையாது. திங்கட்கிழமை காலையில் நகராட்சிக்குப் போனேன்.

அங்கே இருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "ஏற்கெனவே ஒரு விருந்தாளிக்குப் பேப்பர் வாங்கியிருக்கிறீர்களே, மார்கரெட். யார் அவர்?" அக்கா என்றேன். "இப்போது மஞ்சுளா?" அக்கா என்றேன். "உங்கள் வீடு ஓர் அறை வீடு. இரண்டு அக்காக்களுக்கு இடம் கிடையாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. ஆள் ஒருத்திதான், பேர்தான் இரண்டு என்று விளக்கினேன். ஏன் இரண்டு பேர் என்று கேட்டாள். அதை நான் எந்த பாஷையில் சொல்வேன்? பிரெஞ்சில் எனக்கு நோயாளிகளைக் குளிப்பாட்டத் தெரியும், மாத்திரை கொடுக்கத் தெரியும். இதற்கு வார்த்தை தெரியவில்லை.

கடைசியில் ஒரு பாரத்தை நீட்டினாள். பழைய பேப்பர் ரத்தாக வேண்டுமென்றால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'மார்கரெட் என்பவர் என் வீட்டுக்கு வரவில்லை. அவர் வருகையை நான் எதிர்பார்க்கவில்லை.'

கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது அக்கா. இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த அம்மாள் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பேனர் கடைக்கு வெளியே ரோட்டில் நின்றேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான் ஞாபகம் வந்தது. நீ உள்ளே போய் விளக்கு என்று சொன்ன மாதிரி நானும் போட்டுவிட்டேன். மூன்று வருஷம் உன்னைத் திட்டியதற்கு எனக்கு இரண்டு நிமிஷத்தில் பதில் கிடைத்தது. என்னை மன்னித்துவிடு.

கெஞ்சினேன், மறுநாளே பேப்பர் கொடுத்தாள். மஞ்சுளா என்று என் கையால்தான் பாரத்தில் எழுதினேன், கவர் மேலும் எழுதுகிறேன். மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கூரியரில் அனுப்புகிறேன். உடனே போய்க் கொடு. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கொடு.

நீ சொன்னது சரி. தண்ணீர்தான் ஊற்றினேன்.

லில்லி


பண்டசோழநல்லூர்
12 டிசம்பர் 2024

லில்லிக்கு,

தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். எழுதி, போட்டோ எடுத்து, கலைவேந்தன் போனிலிருந்து அனுப்புகிறேன். பேச வேண்டாம். இப்படியே நன்றாக இருக்கிறது.

கூரியர் நவம்பர் 25ஆம் தேதி வந்தது, 26 காலையிலேயே விசா ஆபீசில் கொடுத்துவிட்டேன். அதே பெண். பேரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கலைவேந்தன் சரிபார்ப்பு முடிந்தது. குறை ஒன்றும் இல்லை, உத்தரவு தை மாதத்தில் வருமாம். அதற்கு மூன்றாம் நாள் புயல். ஏரி நிரம்பி வழிந்து தெருவில் முட்டிவரை தண்ணீர், கரும்பெல்லாம் படுத்துவிட்டது. நாங்கள் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பாஸ்போர்ட் விசா ஆபீசில் இருந்ததால் தப்பித்தது.

நேற்று விசா வந்தது. 17 ராத்திரி விமானம், 18 காலை பாரிஸ். கம்பெனி லீவைப் பத்து நாளாகக் குறைத்துவிட்டார்கள், ஆள் இல்லையாம். சந்தைக்குப் போதும்.

கூரியர்காரருக்கு நம்ம தெரு தெரியாது, தணிகைவேல்தான் அதையும் வாங்கிக் கொண்டுவந்தார். கவர் மேல் பேரைப் படித்து நேராக என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை கத்தவில்லை. நான் கேட்டது அதுதான். ஆனாலும் உன் கையெழுத்தில் அந்தப் பேரைப் பார்த்தபோது என்னவோ போல் ஆகிவிட்டது. இவ்வளவு நாள் என்னை மார்கரெட் என்று கூப்பிட நீ ஒருத்திதான் மிச்சம் இருந்தாய்.

அக்கா


ஸ்ட்ராஸ்பூர்க்
14 டிசம்பர் 2024

அக்கா,

நானும் போட்டோ எடுத்தே அனுப்புகிறேன். சீப்பு வந்துவிட்டது. நேற்று அரைக் கிலோ செய்து பார்த்தேன், பல்லுக்கு ஆபத்தில்லை.

ஒரு சின்னச் சிக்கல். 18 காலை எனக்கு டியூட்டி, 20லிருந்து லீவு எடுத்ததால் அன்றைக்கு விடமாட்டேன் என்கிறார்கள். சங்கத்து அரிகரன் பாரிஸ் வந்து உன்னை அழைத்து ரயிலில் கூட்டி வருவார். உன்னைப் பார்த்ததில்லை. பயணிகள் வெளியே வருகிற இடத்தில் அட்டையில் பேர் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அட்டையை நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். மேஜை மேல் காலியாக இருக்கிறது. எந்தப் பேரை எழுதட்டும்? இந்தத் தடவை நானாக எழுத மாட்டேன்.

லில்லி


பண்டசோழநல்லூர்
15 டிசம்பர் 2024

லில்லிக்கு,

இதைக் கேட்க ஒரு கடிதமா என்று நினைத்தேன். பிறகு பதில் எழுத ஒரு நாள் ஆகிவிட்டது.

எனக்கு வயது ஐம்பத்தாறு. மார்கரெட் என்று எழுதியதை நான் பார்த்தது ஞானஸ்நான ரிஜிஸ்டரில், அதற்குப் பிறகு உன் முதல் கவரில், நகராட்சிப் பேப்பரில். கவரையும் பேப்பரையும் அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தேன், புயல் தண்ணீர் அதைக் கொண்டுபோய்விட்டது.

மார்கரெட் என்று எழுது. தமிழில் எழுது, பெரிய எழுத்தாக, தூரத்திலிருந்து தெரிய வேண்டும். அந்த ஊரில் யாரும் விசாரணைக்கு வரமாட்டார்கள். இத்தனை பேர் நடுவில் அந்தப் பேரைப் பார்த்து, அது நான்தான் என்று நேராக நடந்து போக வேண்டும் எனக்கு. யாராவது மார்கரெட் யாரென்று கேட்டால் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

பேருக்கு மேலே ஒரு சிலுவை போடு. செத்தவர்கள் போஸ்டர் மாதிரி இருக்கிறது என்று அரிகரன் சிரிப்பார், சிரிக்கட்டும். சின்னதாகப் போட்டுவிடாதே. அம்மாவுக்குப் போடாமல் விட்டது அது.

உன் அக்கா,
மார்கரெட்